குமிழி வரும் கம்பி எது?

யுத்த காலத்தில் விழுப்புரத்தில் ரேடியோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தேன். ஒரு கம்பி பிளஸ், ஒரு கம்பி மைனஸ், பார்வைக்கு இரண்டும் ஒன்று என்பதுதான் அந்தத் தொழிலின் மொத்தக் கஷ்டமும். மாற்றிக் கொடுத்து முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

உப்புத் தண்ணீர்

வளவனூர் கரும்புக்காரர் ஒருவர் கொண்டுவந்த பேட்டரியில் பிளஸைக் காட்டும் அடையாளச் சிவப்பு உதிர்ந்திருந்தது. தம்ளரில் உப்பைக் கரைத்து, பேட்டரியின் இரண்டு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அதில் விட்டேன். எந்த முனையில் குமிழி அதிகம் பொங்குகிறதோ அது மைனஸ். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உப்பு மட்டும் போதுங்களா? மொளகு வேணாமா?"

பச்சைக் கிழங்கு

திண்டிவனத்தில் ஓட்டல் முதலாளி ஒருவர் புது ரேடியோ வாங்கித் தெருவையே அழைத்துவிட்டார். மாட்டப் போன எனக்கு பேட்டரியில் எந்தக் கம்பி எது என்று தெரியவில்லை. அடுப்படிக்கு ஓடி ஓர் உருளைக்கிழங்கை வாங்கி, இரண்டாக வெட்டி, அந்தச் செம்புக் கம்பிகளைக் குத்தினேன். பிளஸ் கம்பியைச் சுற்றிப் பச்சை படர்ந்தது. ரேடியோ பாடியது, தெரு கைதட்டியது. சமையல்காரர் மட்டும் கிழங்கையே பார்த்துக்கொண்டு நின்றார்: "பாட்டு நல்லாத்தாங்க இருக்கு. மசாலாவுல ஒரு கெழங்கு கொறையுதே!"

கெடார் அம்மா

கெடாரில் ஊருக்கே ஒரு ரேடியோ, ஒரு விவசாயி வீட்டில். அதன் பேட்டரியை மல்லாட்டை (நிலக்கடலை) ஏற்றிய வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் கன்னியம்மாள், கூலி வேலை செய்பவர். அவர் மகன் பர்மாச் சண்டையில் இருந்தான். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. ரேடியோ நின்றுவிடக் கூடாதென்று அவரே சுமந்து வந்திருந்தார்.

அன்று பார்த்து அவசரத்தில் நான் சோதிக்கவில்லை. கம்பியை மாற்றி மாட்டித் தலைகீழாகச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். பேட்டரி பாழ். மறுநாள் ரேடியோ ஊமை என்று வண்டிக்காரர் வந்து சொன்னார். என் கடை பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கெடாருக்கு மிதித்தேன். சாயங்காலச் செய்திக்கு முன் மாட்டினேன். கன்னியம்மாள் கைகட்டி நின்று கேட்டார். பர்மாவைப் பற்றி இரண்டு வரி, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அவர் முகம் தெளிந்திருந்தது: "எம்புள்ள பேரைச் சொல்லலீங்களே. அப்போ நல்லாத்தான் இருந்துக்கினு இருக்கான்."

கம்பியை மாற்றிக் கொடுத்தவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிய ஊர், செய்தி நேரத்தைத் தவறவிட்டிருந்தால் சைக்கிளோடு திரும்ப விட்டிருக்குமா என்பதுதான் இன்றுவரை சந்தேகம்.