மாலை போட்டால் நிலம் கொடுக்கும் வீடு

எங்கள் ஊரில் யாருக்கும் எங்கள் வீட்டுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. ‘காலேஜ் கொடுத்தவங்க வீடு’ என்றால் போதும், ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுவந்து விடுவார். இறங்கும்போது, “எங்க பொண்ணுக்கு ஒரு சீட்டு சொல்லிவிடுங்கம்மா” என்பார். சீட்டா? என் பெண்ணுக்கே அங்கே கேட்ட பாடம் கிடைக்காமல் தினமும் திருச்சிக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்தாள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. “சும்மா சொல்லாதீங்கம்மா” என்று சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்புவார்கள்.

கொடுத்தவர் என் மாமனாரின் பாட்டனாருக்கு அப்பா. நெல்லை வண்டி வண்டியாக நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக் கப்பலேற்றிய வியாபாரி. சம்பாதித்ததையெல்லாம் நிலமாக வாங்கிப் போட்டவர். ஊரில் காலேஜ் கட்ட இடம் வேண்டும் என்று நாலு பெரிய மனிதர்கள் வந்து அவருக்கு ஒரு மாலை போட்டார்களாம். மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே உருகிப்போய், வாய்க்காலின் தலைப்பில் இருந்த நல்ல நிலத்தையெல்லாம் கொடுத்துவிட்டார். தனக்கென்று வைத்துக்கொண்டது, எல்லாரும் பாய்ச்சி மிஞ்சிய தண்ணீர் வந்து சேரும் கடைமடையை. விவசாயம் செய்கிற எவனாவது இப்படிச் செய்வானா? தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூட அவர் பார்த்திருக்க மாட்டார்.

அதோடு நின்றதா? அவர் மகனுக்கு மாலை போட்டார்கள், ஹாஸ்டலுக்கு இடம் போனது. பேரனுக்குப் போட்டார்கள், விளையாட்டு மைதானம் போனது. என் மாமனாருக்குப் பொன்னாடையும் சேர்த்துப் போர்த்தினார்கள். பஸ் நிறுத்த இடம் கொடுத்துவிட்டு வந்து பெருமையாகச் சாப்பிட உட்கார்ந்தார். இந்த வீட்டு ஆண்கள் மேடையில் வாயால் சொன்னால் பத்திரம் எழுதின மாதிரிதான். பிறகு மாற்றிப் பேசினால் கௌரவம் போய்விடுமாம்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது மிஞ்சியிருந்தது கடைமடையில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். பிறந்ததிலிருந்து வயலைப் பார்த்தவள். குத்தகைக்காரர் முடியவில்லை என்று விட்டதும் நானே இறங்கிப் பயிர் வைத்தேன். கணவருக்கு ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. வயல் முழுக்க என் பாடு. வீட்டு வருஷச் சாப்பாட்டு அரிசி அந்த ஆறு மாவிலிருந்துதான் வருகிறது. ஊர்க்காரர்கள் நினைக்கிற மாதிரி எங்களுக்குப் பெட்டியில் எதுவும் கிடையாது.

போன வருஷம் சம்பா அருமையாக வந்திருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரம் பார்த்துக் காலேஜில் நிறுவனர் நாள் விழா என்று, அதன் வழியாக எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். விருந்தாளிகளின் கார் பந்தல் வரைக்கும் போக வேண்டுமாம். அடியில் ஒரு குழாயாவது பதித்தார்களா என்றால் அதுவும் இல்லை. எங்கள் வயலில் போர்வெல்லும் கிடையாது. மண் வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

பிரின்ஸிபாலைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார்.

“இது உங்க காலேஜும்மா. நீங்க இவ்வளவு தூரம் வரணுமா? ஒரு போன் பண்ணினா போதாதா?”

“வாய்க்காலைத் திறந்துவிடுங்க சார். பயிர் காயுது.”

“விழா முடியட்டும்மா. கண்டிப்பா பாத்துக்கலாம்.”

“அதுக்குள்ள எல்லாம் பதராப் போயிடும் சார்.”

“நிறுவனர் குடும்பத்துக்கு இந்த வருஷம் முதல் மரியாதை வச்சிருக்கோம். உங்க வீட்டு சார் அவசியம் வரணும்” என்றார். நான் என்ன சொல்கிறேன், இவர் என்ன சொல்கிறார்! மறுபடியும் போனேன். மறுபடியும் காபிதான் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

சரி, மேடையிலேயே கேட்டுவிடலாம், நாலு பேர் முன்னால் மறுக்க முடியாது என்று கணவரைத் தயார் செய்தேன்.

“என்னங்க, மைக்கைக் குடுத்தா வாய்க்காலைத் திறங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க.”

“சரி.”

“மாலை போட்டதும் மறந்துடுவீங்க.”

“நான் என்ன சின்னப் புள்ளையா? போ, வேலையைப் பாரு” என்றார்.

விழாவன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவரைக் கூப்பிட்டார்கள். ஆளுயர ரோஜா மாலை. அது கழுத்தில் விழுந்ததும் அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். கண் கலங்குகிறது, உதடு துடிக்கிறது.

மைக்கைப் பிடித்தார். “கடைமடையில எங்களுக்கு ஆறு மா இருக்கு. அங்க தண்ணி இல்லாம பயிர் காயுதுன்னு என் மனைவி சொல்றாங்க.”

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

“எங்க பெரியவங்க கொடுத்ததுக்கு முன்னால இதெல்லாம் எனக்கு எதுக்கு? அந்த ஆறு மாவையும் காலேஜுக்கே கொடுத்துடறேன்!”

பந்தலே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து, “இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நீங்க புண்ணியம் பண்ணியிருக்கணும்” என்றார். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. நாற்று விட்டது யார், களை எடுத்தது யார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அழுகையை அடக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் எழுந்தேன். பட்டுப்புடவையோடு நேரே வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்தேன்.

விருந்தாளிகளின் கார்கள் போய் முடிந்ததோ இல்லையோ, காலேஜ் பக்கம் ஜேசிபி சத்தம் கேட்டது. கொட்டிய மண்ணை வாரி எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் கலங்கல் தண்ணீர் வாய்க்கால் நிறைய வந்தது. கூடவே காலேஜ் இன்ஜினீயர் வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“பிரின்ஸிபால் உடனே திறக்கச் சொல்லிட்டாரும்மா. காலேஜ் பயிர் காஞ்சா சும்மா இருக்க முடியுமா?”

வெடிப்புகளில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயிர் பிழைத்துவிடும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பாழாய்ப்போன மனசு, அதற்கும் சந்தோஷப்பட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்கூட்டரை ரோட்டில் நிறுத்திவிட்டு என் கணவர் வரப்பில் தடுமாறித் தடுமாறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா, தண்ணி வந்துடுச்சு! நீ இதைத்தானே கேட்டே?”

“ஆமாங்க, வந்துடுச்சு” என்றேன். “தை பொறந்ததும் அரிசியை எந்தக் கடையில வாங்கறதுன்னு மட்டும் சொல்லிடுங்க.”