வயரை யாரும் பிடுங்கவில்லை

தம்மம்பட்டிக்கு அப்பால், மலையடிவார ஊர் ஒன்றின் குடிநீர்த் தொட்டி மேல் எங்கள் கம்பெனி ஒரு கருவி வைத்திருந்தது. சோலார் பேனல், பேட்டரி, உள்ளங்கை அகல போர்டு, ஒரு சிம். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அரை மணிக்கு ஒருமுறை சேலம் ஆபீசுக்குச் சொல்லவேண்டும். அதுவோ விடிந்ததும் செத்துவிடும், வெயில் ஏறியபின் தானாகப் பிழைத்துக்கொள்ளும்.

காலையில்தான் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத் தகவல் நின்றுபோனதால் எங்கள் முதலாளி ஊராட்சித் தலைவருக்குப் போன் போட்டு, "கருவி நல்லாத்தான் இருக்கு. யாரோ வயரைப் பிடுங்குறாங்க" என்று சொல்லிவிட்டார். தொட்டி மேல் ஏறுகிறவர் டேங்க் ஆபரேட்டர் ஒருவர்தான். அவர்தான் வயரைப் பிடுங்கிவிட்டு யார் தோட்டத்துக்கோ தண்ணீரைத் திருப்பிவிடுகிறார் என்று ஊரே பேசத் தொடங்கியிருக்கிறது.

எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. பேட்டரியை மாற்றிவிட்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். ஆபரேட்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஏணியைக் காட்டினார்.

"நீங்களே ஏறிப் பாருங்க மேடம். நான் வயரைப் பிடுங்குறேன்னு உங்க முதலாளி சொல்லியாச்சு. கூட வந்தா அதுக்கும் ஒண்ணு சொல்லுவீங்க."

மேலே பேனலில் தூசி இல்லை. பேட்டரியிலும் பழுதில்லை. பேட்டரிக்கும் போர்டுக்கும் இடையில் மல்டிமீட்டரைக் கோத்து, எவ்வளவு கரன்ட் போகிறது என்று பார்த்தேன். தகவல் அனுப்பியதும் தூங்கவேண்டிய போர்டு தூங்கவே இல்லை. லேப்டாப்பை மாட்டியதும் விஷயம் தெரிந்தது. மலை மறைவில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது. கிடைக்காதபோது, தகவல் அனுப்பும் மோடம் விடாமல் தேடுகிறது. எப்போது நிறுத்தவேண்டும் என்று புரோகிராமில் ஒரு வரிகூட இல்லை. ராத்திரி முழுக்கத் தேடியே பேட்டரியைக் காலி செய்திருக்கிறது. டவருக்கு எதிரே இருக்கும் ஆபீஸ் மேஜையில் சோதித்து, ஓகே போட்டு அனுப்பிய கருவி!

அங்கிருந்தே முதலாளியைக் கூப்பிட்டேன்.

"சார், வயரை யாரும் பிடுங்கல. நம்ம புரோகிராம்தான் தப்பு."

"சரிம்மா, சரி பண்ணிடு. பேட்டரி வீக்குன்னு சொல்லிட்டு வந்துரு. வேற எதுவும் பேசாதே."

போனை வைத்துவிட்டு மறுபடி லேப்டாப்பை எடுத்தேன். கொஞ்ச நேரம் டவர் கிடைக்காவிட்டால் கருவி தேடுவதை நிறுத்தித் தூங்கிவிட்டு, அடுத்த முறை சேர்த்து அனுப்பும்படி புரோகிராமை மாற்றினேன். ஆன்டெனாவை, டவர் இருக்கும் ஊர்ப்பக்கம் திருப்பிக் கட்டினேன். இறங்கி வந்து ஆபரேட்டரிடம் உள்ளதைச் சொன்னேன்.

நிம்மதியடைவார் என்று நினைத்தேன். அவர் கத்தினார்.

"இதை மொதல்லயே வந்து பாக்கறதுக்கு என்ன கேடு உங்களுக்கு? என் பொண்டாட்டி குழாயடிக்கே போறதில்ல, தெரியுமா? ஏறும்மா வண்டில. ஊருக்கு முன்னாடி வந்து சொல்லு."

டீக்கடை முன் தலைவரும் நாலைந்து பேரும் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அப்ப உங்க சார் ஏம்மா அப்படிச் சொன்னாரு?" என்றார் தலைவர்.

"வந்து பாக்காமலே சொன்னாருங்க."

தலைவர் அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "சின்ன டெக்னிக்கல் பிரச்சினைங்க" என்று முதலாளி இழுத்தார். ஆபரேட்டர் போனைப் பிடுங்கி, "என்னைத் திருடன்னியே, மன்னிப்பு கேளுய்யா!" என்றார். மறுமுனையில் முதலாளி போனை வைத்துவிட்டார்.

ஆபரேட்டர் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கருவி அதன்பின் ஒருநாள் காலையிலும் சாகவில்லை. என்னை வெளியூர் வேலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். முதலாளி அந்த மனிதரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. எப்போது கேட்பீர்கள் என்று நான் ஒவ்வொரு மீட்டிங்கிலும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.