துண்டுக்கு அடியில் வைத்தியம்

மட்டாஞ்சேரியில் சுக்குத் தரகர் நைனா முகம்மதுவுக்குக் கைதான் வாய். சந்தை நடுவே எதிராளியின் கைமேல் துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரல்களைத் தொட்டுத் தொட்டே விலையை முடித்துவிடுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஊர் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரன் இதைப் பார்த்தான். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டானா? கேட்டால்தானே! சீமைக்குப் போய்ப் புத்தகம் எழுதினான். மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஒரு ஞானி இருக்கிறாராம், துண்டுக்கு அடியில் கையைப் பிடித்தே தீராத நோயைத் தீர்க்கிறாராம்.

படித்த துரைமார்களாவது யோசித்தார்களா? வாரத்துக்கு நாலு கடிதம் வந்து விழுந்தது. மூட்டுவலிக்காரர், தூக்கம் வராதவர் என்று எத்தனை பேர்! ஒரு மகராசி தன் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்தே அனுப்பிவிட்டாள். அதைப் பிடித்தால் போதுமாம்.

தபாலாபீஸ் குமாஸ்தா வெங்கிடராமன் படித்துச் சொல்லச் சொல்ல நைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி, எழுதும். நான் வெறும் தரகன். எனக்கு அந்தச் சக்தி இருந்தா என் வீட்டுக்காரி நசீபா மூணு வருஷமா வாதத்துல கிடப்பாளான்னு கேளும்!"

எழுதினார். கடிதங்கள் இரட்டிப்பாயின.

"ராவுத்தரே, நிஜமான ஞானி தான் ஞானியே இல்லைன்னுதான் சொல்லுவாராம், புஸ்தகத்திலேயே போட்டிருக்காம். சக்தியெல்லாம் ஊருக்குக் குடுத்துட்டு வீட்டுக்கு மிச்சம் வைக்கலையேன்னு துரைமாரெல்லாம் உமக்காக அழறா."

"படிச்ச கழுதைகள்!"

அன்று சாயங்காலம் கடிதக் கட்டை அடுப்பில் போட வீட்டுக்குக் கொண்டுபோனார். கட்டிலில் கிடந்த நசீபாவிடம் சீமைக்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். அவள் சிரிக்கவில்லை. கடிதக் கட்டின்மேல் இருந்த காகிதக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் புடிச்சுப் பார்த்தீங்களா?"

"எனக்கென்ன பிராந்தா புடிச்சிருக்கு?"

"கல்யாணம் கழிஞ்சு இருபது வருஷமாச்சு. ஊர்க்காரன் கையெல்லாம் புடிச்சீங்க. ஒரு தடவை எனக்கும் புடிச்சுப் பாருங்களேன்."

"நீயுமாடி?"

கேட்டுக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுடைய மரத்துப்போன கையின்மேல் விரித்தார். உள்ளே கையை நுழைத்தார். எந்த விரலைத் தொடுவதென்று அத்தனை பெரிய தரகருக்குத் தெரியவில்லை. ஐந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.



"ஏதாவது தெரியுதாடி?"

கேட்டது தான்தானா என்று வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் கையை எடுக்காமல் அவள் பதிலுக்குக் காத்திருந்தார்.