எஞ்சின் இல்லாத காரில் அக்கரைக்கு

ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் மலையடியில் நிற்கிற கல்வீடு நான் கட்டியது. சிம்பாங் பூலாயில் என் லாரிகள் நிற்கிற கொட்டகை நான் கட்டியது. அதற்கு முன்னால் ஒரு மளிகைக் கடை வைத்தேன். அதற்கும் முன்னால், ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்து ஆற்றில் கார் ஏறுகிற ஃபெரித் துறையைக் கட்டியதும் நான்தான். என் படிப்பு எழுத்துக் கூட்டுகிற அளவோடு நின்றுபோனது. கை கொடுத்தவர்களை விட, "இவனா?" என்று சிரித்தவர்கள்தான் அதிகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அந்த ஃபெரி வந்தது. இரண்டு பெரிய படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்திருந்தார்கள். ஒரு மோட்டார் படகு அதை இழுக்கும். கடல் பக்கத்திலேயே இருந்ததால், நீர் வற்றும்போது கரை முழுக்கத் தொடையளவு சேறு. கண்டிராக்டர் கல்லைக் கொட்டினார், சேறு விழுங்கிவிட்டது. மறுபடி கொட்டினார், அதையும் விழுங்கியது. உப்புச் சேற்றில் வளர்கிற பாக்காவ் மரக்கிளைகளைக் கட்டுக் கட்டாகக் குறுக்கே போட்டு, மேலே தென்னை மரத்தைக் கிடத்தலாம் என்று நான் சொன்னேன்.

"மரத்துல பால் ஒழுங்கா வருதான்னு பாருடா. ஆத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றார் எங்கள் கங்காணி.

கடைசியில் என்னிடம்தான் வந்தார்கள். நான் போட்ட துறையில் முதல் கார் இறங்கியபோது ஒரு மரம்கூட அசையவில்லை.

ஆனால் துறையைக் கட்டிய எங்களுக்காக அந்த ஃபெரி ஓடாது. கார் ஏறினால்தான் புறப்படும், அது எஸ்டேட் பெரிய துரை போட்ட விதி. கார் போகும்போது ஓரத்தில் நின்று நாங்களும் போகலாம். மற்றபடி துடுப்புப் போடுகிற சம்பான் படகுதான்.

என் மனைவிக்கு முதல் பிரசவம். இடுப்பு வலி கண்டு ஒரு முழு நாள் ஆகியும் குழந்தை வரவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து, "குறுக்கே கிடக்குது, தம்பி. என் கையில இல்ல. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு" என்றாள். எஸ்டேட் லயத்து வீட்டு ஆட்கள் என் மனைவியைக் கயிற்றுக் கட்டிலோடு துறைக்குத் தூக்கி வந்தார்கள். அன்று காற்று பலம். சம்பான்காரர்கள் படகைக் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள்.

ஃபெரி ஓட்டுகிற மலாய்க்கார அண்ணன் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கிரேத்தா தாடா," என்றார். கார் இல்லையே என்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் விதியை மீறினால் அவருக்கு வேலை போய்விடும். பெரிய துரையோ கிளப்புக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் திரும்புவார்.

துறைக்குப் பக்கத்தில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை. அதில் துரையின் பழைய கார் கிடந்தது. எஞ்சினைக் கழற்றிப் பழுது பார்க்க ஈப்போவுக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், என் கண் மட்டும் அந்தக் காரின் மேல் போனது. என் மூளை அப்படி.

"கார்தானே வேணும்? தள்ளுங்கடா!" என்றேன்.

"துரை தோலை உரிச்சிருவாருடா!" என்றான் ஒருத்தன்.

"உரிக்கட்டும். மொதல்ல தள்ளு!"

தள்ளினார்கள். கார் ஃபெரியில் ஏறி நின்றது. பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்தோம், மருத்துவச்சி காலடியில் உட்கார்ந்தாள். மலாய்க்கார அண்ணன் வந்து முன்மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். வெறும் ஓட்டை. மெதுவாக மூடினார். சக்கரங்களைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்த்தார்.

"கிரேத்தாதான் லா," என்று சொல்லிவிட்டு மோட்டாரை முடுக்கினார்.

நடு ஆற்றில் அலை தூக்கிப் போட்டது. நான் காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி கொஞ்சம் விட்ட நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து சீட்டுத் தோலைத் தடவினாள்.

"என்னங்க, சும்மா நிக்கிறீங்களே. ஏறி ஓட்டுங்க."

"இது எங்கடி ஓடும்?"

"எனக்காக ஓட்டுங்க. துரைசாணி மாதிரி ஒரு தடவை போறேன்."

ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அது வரைக்கும் நான் எந்தக் காரிலும் உட்கார்ந்ததில்லை. "பள்ளம் பார்த்துப் போங்க," என்றாள். நான் வளைத்து வளைத்து ஓட்டினேன். மறுபடி வலி வந்ததும், பின்னால் இருந்து என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கரை வரும் வரை விடவில்லை. பிறகு எத்தனையோ லாரி ஓட்டிவிட்டேன், என்னை நம்பி அப்படி யாரும் பின்னால் உட்காரவில்லை.

கரை ஏறி, ஆஸ்பத்திரி வரைக்கும் காரைத் தள்ளிக்கொண்டே போனோம். பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

சாயங்காலம் துரை வந்து பார்த்தால், இக்கரையில் அவர் காரும் இல்லை, ஃபெரியும் இல்லை. திரும்பி வந்த எங்களைப் பார்த்து அவர் போட்ட சத்தம் லயம் வரைக்கும் கேட்டதாம். மலாய்க்கார அண்ணன் தலை குனியாமல், "கார் இருந்தது துவான், ஏற்றினேன்" என்றார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். துரை "குழந்தை?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது: பிரசவ வலியோடு யார் வந்தாலும் கார் இல்லாமலே ஃபெரி புறப்பட வேண்டும்.

இப்போது அந்த ஃபெரியின் கதையைச் சொல்கிறவர்கள், அந்த உத்தரவு துரையின் இரக்கம் என்கிறார்கள். அவருக்கு இரக்கம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது தானாக வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனை பெண்கள் அந்த ஆற்றைத் தாண்டிப் பிள்ளையோடு திரும்பினார்கள்! அவர்களில் ஒருத்திக்காவது தெரிய வேண்டாமா? அந்த உத்தரவை வாங்கிக் கொடுத்தவன் ஒரு பால்வெட்டுக்காரன், அவனோடு வலியில் கிடந்த அவன் பெண்சாதி. ஃபெரியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுத வேண்டும். துரைக்குப் பக்கத்தில் ஒரு வரி வேண்டாம் எனக்கு. துரைக்கு முன்னால் எங்களை எழுதுங்கள்.