கூழ்ப்பானை மேல் ஒரு சந்தேகம்

சேலத்துக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு நான் எங்கள் மலையூர் மஞ்சக்குட்டைக்கு வந்தபோது அப்பா பாதியாக இளைத்திருந்தார். இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, நின்றால் சளி பிடிக்கிறது என்றாள் அம்மா. காபிக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர், இனி ஏற முடியாவிட்டால் வேலையை விட்டு நிறுத்திவிட வேண்டியதுதான் என்று எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லியிருந்தார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை முதலில் மிதித்தவள் நான். கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தவள். வந்த அன்றே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன்: அடுப்போரத்துக் கூழ்ப்பானை. அம்மா அதை முழுதாகக் காலி செய்யவே மாட்டாள். அடியில் கொஞ்சம் பழைய கூழை விட்டு, அதன் மேலேயே புதுக் கேழ்வரகுக் கூழை ஊற்றுவாள். மறுநாள் நுரைத்துப் புளித்து நிற்கும். கொட்டச் சொன்னேன்.

“அதையேதான் கண்ணு நானும் குடிக்கிறேன். உங்கப்பன் வயித்தை மட்டுமா பேய் புடிச்சுது?”

ஒரே பானை, ஒரே தண்ணீர், ஒருவருக்கு மட்டும் நோய். அப்படியானால் அவர் மட்டும் விழுங்குவது எது? என் சந்தேகம் பானையை விட்டு அப்பா மேல் திரும்பியது. சாராயமோ என்று பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்தேன். ஒரு நாள் காலையில், வாய் கொப்பளிக்கக் கொல்லைப்பக்கம் போனவரின் பின்னாலேயே போனேன். மடியிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டார்.

எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அப்படியொரு வழக்கம். காய்ச்சலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை, காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தை எறிய மனம் வராது. சத்து மாத்திரை என்று மரமேறுகிறவர்களுக்குக் கொடுப்பார்கள்.

“ஒண்ணு போட்டா நொம்பத் தெம்பா இருக்குது கண்ணு. அப்புறம் வயிறு கழியுது. அதுக்கு இன்னொண்ணு போட்டுக்குவேன்.”

அது கிருமியைக் கொல்லும் மருந்து என்றேன். குடலில் நமக்காக உழைக்கும் கிருமிகளையும் சேர்த்துக் கொல்லும், அவை குறைந்தால் செரிமானமும் கெடும், நோயைத் தாங்கும் சக்தியும் குறையும் என்றேன்.

அப்பா சிரித்தார். “கிருமியில நல்லது வேறயா? எஸ்டேட்டுல நல்ல மேஸ்திரி இருக்கான்னு சொல்லுவே போல.”

அவரிடம் மிச்சமிருந்த மாத்திரைகளை வாங்கிக் குழி தோண்டிப் புதைத்தேன். கூழைப் புளிக்க வைப்பதும் அந்த நல்ல கிருமிதான் என்று தேர்வில் எழுதியவள் நான். கூழைக் கொட்டச் சொன்ன பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். கூழும் மோரும் கீரையுமாக நாட்கள் போயின. முதலில் வயிற்றுப்போக்கு நின்றது, பிறகு சளி.

விடுமுறை முடியுமுன் அப்பா மரம் ஏறினார். ரைட்டர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆள்கணக்கில் அப்பா பெயரை எழுதிக்கொண்டு நகர்ந்தார். அம்மா கும்பிட்டாள். அந்தத் தெம்பு கூழில் வந்ததா, பக்கத்து வீட்டில் மறுபடி மாத்திரை வாங்கி விழுங்கியதில் வந்ததா என்று தெரியாமல், அப்பா இறங்கும்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.