வயிற்றோடு அணைத்த மஞ்சள் துணி

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம் முடிகிற சமயம். வாந்தி நின்று பசி திரும்பியிருந்தது. ஊருக்கு வெளியே, ஓரிக்கை போகும் சாலையில் இருக்கும் எங்கள் விசைத்தறி ஷெட்டுக்குத் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தேன். மொத்தம் நான்கு தறி. மூன்றில் வேட்டி ஓடும். நான்காவதில் என் கணவர் மஞ்சள் நூல் ஓட்டினார்.

மஞ்சள் நூல் என்பது நாங்களாக வைத்த பெயர். குண்டு துளைக்காத சட்டை தைக்கும் சென்னை கம்பெனி ஒன்று, சோதனைக்குக் கொஞ்சம் நெய்து தரச் சொல்லியிருந்தது. அரமிட் என்பார்கள். பார்வைக்குப் பட்டு மாதிரி மினுக்கும். வீட்டுக் கத்தரிக்கோலை வைத்தால் வெட்டாது, வழுக்கிக்கொண்டு மடங்கும். நெய்த துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைப்பது என் வேலை.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் எஞ்சினீயர் அவ்வப்போது வந்து பார்ப்பாள். சின்னப் பெண், வாய் நிறைய அக்கா என்பாள். ஒரு நாள் அவளிடம் கேட்டேன்.

"துணி போய் குண்டை எப்படிம்மா நிறுத்தும்?"

"ஒத்த நூல் நிறுத்தாதுக்கா. குண்டு பட்ட இடத்துல நெடுக்கப் போற பாவும் குறுக்க போற ஊடையும் இழுபடும். அதுங்க மேல பின்னிப் போற நூலையெல்லாம் சேர்த்து இழுக்கும். ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தை வாங்கிக்கும். கடைசில குண்டு நசுங்கி நின்னுடும்."

"நெசவு லூசா இருந்தா?"

"நூலை ஒதுக்கிட்டு நடுவுல பூந்துடும். ரொம்ப நெருக்கிட்டாலும் நூலுக்கு இழுபட இடமில்லாம அறுந்துடும்."

பிறகு போனில் ஒரு படம் காட்டினாள். சோதனையில் துணிக்குப் பின்னால் களிமண் கட்டி வைத்துச் சுடுவார்களாம். துணியில் ஓட்டையே இல்லை. ஆனால் பின்னால் இருந்த களிமண்ணில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தியது போலக் குழி. "துணி பொத்துக்கலைன்னாலும் அடி உள்ள இறங்கும்கா. அந்தக் குழி ஆழத்தையும் அளப்போம்" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அது வைகாசித் திருவிழா நேரம். காலையில் ஓர் அடுக்கைத் தைத்து முடித்திருந்தேன். கனமாக இருந்ததால் இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேசைப் பக்கம் நடந்தேன். வேட்டித் தறியின் ஓரத்தைத் தாண்டும்போது படார் என்று ஒரு சத்தம். பாவு நூல் சிக்கி, ஓடிக்கொண்டிருந்த நாடா தறியை விட்டுப் பறந்து வந்துவிட்டது. ஊடை நூலைச் சுமந்து தறிக்குள் இங்கும் அங்கும் ஓடும், இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த கட்டை அது. வந்ததை நான் பார்க்கவே இல்லை. யாரோ எட்டி உதைத்தது போல இருந்தது. தரையில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு வரவில்லை.

என் கணவர் எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அந்த ஷெட் அவ்வளவு அமைதியாகி நான் கேட்டதில்லை. துணியைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்ட இல்லமா. பாரு, ஓட்டையே இல்ல. ஒண்ணும் ஆவல!" அவர் சிரித்துக்கொண்டே அழுதார்.

நான் அந்தக் களிமண்ணை நினைத்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

ஆட்டோ ஊருக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது. சாமி புறப்பாடு. முன்னாலும் பின்னாலும் ஜனம். நாதஸ்வரமும் மேளமும் காதுக்குள்ளேயே அடித்தன. முந்தின வாரம்தான் குழந்தை முதல்முறையாக அசைந்திருந்தது, தண்ணீரில் மீன் திரும்புவது போல. இப்போது வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. கல் மாதிரி இறுகியிருந்தது.

"அசையுதா?" என்றார் கணவர்.

"மேளச் சத்தத்துல தெரியல" என்று பொய் சொன்னேன். அசைவு காதில் கேட்கிற விஷயமா? அவரும் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் வேறு எதையும் பேசப் பயம்.

ஆட்டோக்காரர் இறங்கிப் போய், "வயித்துப் பிள்ளைக்காரிப்பா, வழி விடுங்கப்பா" என்று கத்தினார். கூட்டம் ஒதுங்கியது. ஒரு பெண்மணி ஆட்டோவுக்குள் கை நீட்டி என் தலையைத் தொட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா கருவியை வயிற்றின் மேல் நகர்த்தினார். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். புருவம் சுருங்கினால் போச்சு என்று நினைத்தேன். சுருங்கியது. பிறகு ஏதோ பொத்தானை அழுத்தினார். குதிரை ஓடுவது போல ஒரு சத்தம் அறை முழுக்க எழுந்தது.

"துடிப்பு நல்லா இருக்குது. ஆனா அடி பட்டதால நஞ்சுக்கொடி விலகுதான்னு பார்த்துக்கினே இருக்கணும். ரத்தம் பட்டா உடனே சொல்லணும்மா."

ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தேன். கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் சேலையைப் பார்க்கப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பார்ப்பேன். தொப்புளுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. ரத்தம் படவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், சோற்றுக் கை காய்வதற்குள் குழந்தை திரும்பிப் படுத்தது. பக்கத்துப் படுக்கைக்காரம்மாவைக் கூப்பிட்டு அவள் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். முன்பின் தெரியாதவள்.

எஞ்சினீயர் பெண் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். என் கணவர் அந்தத் துணியைக் காட்டினார். மேல் அடுக்கில், நாடா குத்திய இடத்திலிருந்து பாவு நூல்களும் ஊடை நூல்களும் நாலு பக்கமும் இழுபட்டு, ஒரு கூட்டல் குறி போலத் தெரிந்தன. கீழே போகப் போகக் குறி மங்கி, கடைசி அடுக்கில் வெறும் சுருக்கம்தான். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "மன்னிச்சுடுங்கக்கா" என்றாள், அவள் செய்த தப்பு ஒன்றும் இல்லாதபோதும்.

புரட்டாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரல் பெரிசு.

இப்போது எல்லாத் தறிக்கும் பக்கவாட்டில் கம்பி வலை அடித்திருக்கிறோம். தைக்கும் மெஷினைத் தனி அறைக்கு மாற்றியாகிவிட்டது. மஞ்சள் நூல் வேலை நிரந்தரமாகவே வருகிறது, நானும் தைக்கிறேன். அந்தச் சட்டையைப் போடப்போகிறவரின் உடம்பை நினைத்தால் தையல் கோணிவிடும் என்பதால், நினைக்காமல் தைக்கப் பார்க்கிறேன். மகள் தத்தித் தத்தி ஷெட் வாசல் வரைக்கும் போய்விடுகிறாள். தறிச் சத்தம் அவளுக்குப் பிடிக்கிறது. ஓடிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். நாடா ஓடும் நேரத்தில் நான் இன்னும் உள்ளே கால் வைக்கவில்லை.