நாற்பத்தெட்டுக் கம்பிகள்

ஜுனைத் நானா காலமான செய்தி வந்தபோது நான் ஒருவருக்கு மேல்வாய்ப் பல்செட் அடுக்கிக்கொண்டிருந்தேன். கண்டியில் பல்செட் செய்யும் கூடமொன்றில் வேலை பார்க்கிறேன். சின்ன மாதிரிக் கார்கள் செய்யும் நம் வட்டத்தின் செயலாளர் செல்வம் கைப்பேசியில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அக்கா, நம்ம நானா காலையில மவுத்தாயிட்டாராம். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்னு சொல்றாங்க." மெழுகு இறுகிவிடும் என்பதால் மீதி நான்கு பற்களையும் வைத்து முடித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். முதலில் வந்தது கோபம்.

மறுநாள் செல்வம் மறுபடி அழைத்தார். "மாசக் கூட்டத்துல வாசிக்க நல்லதா நாலு வார்த்த எழுதித் தாங்கக்கா. நீங்கதானே அவரோட ரொம்பப் பழகினது." பழகியது உண்மை. நல்லதையும் எழுதுகிறேன். ஆனால் நல்லதை மட்டும் எழுத என்னால் முடியாது. அவரை அறிந்த நீங்கள் கடைசிவரை பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்திலிருந்த அவர் கடைக்குப் போனேன். கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே கையளவு நீளத்தில் ஒரு சிவப்புப் பந்தயக் கார் நின்றது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த பிளாஸ்டிக் கார்தான். ஆனால் அதன் மூக்கை வெட்டி நீட்டி, புகைக்குழாயைப் புதிதாகச் செய்து, பழைய காலத்து வேறொரு காராகவே மாற்றியிருந்தார். "பொட்டியில வந்தபடி ஒட்டினா அது பொட்டிக்காரன்ட கார். நாம வெட்டின பொறகுதான் நம்மட கார்" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பைப் ஒட்டின எடம் சொரசொரன்னு இருக்கு நானா" என்றேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "சரிதான். நீங்க என்ன வேல செய்றீங்க?" "பல்லு கட்டுறேன்." "அப்ப என்ட காருக்கும் கொஞ்சம் பல்லு கட்டித் தாங்க, தங்கச்சி!" கடையே சிரித்தது. அடுத்த வாரம் பல்செட்டுக்குப் பயன்படுத்தும் பசையையும் அச்சுப் பொடியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படித்தான் தொடங்கியது.

அவருடன் வேலை செய்வது ஒரு கூத்து. ஒருமுறை கூட்டத்துக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவர் பெட்டி சரிந்து, காரின் சக்கரச் சில்லு ஒன்று உருண்டு ஓடிவிட்டது. நெரிசலான பஸ்ஸில் நானா முழந்தாளிட்டுத் தேட, பக்கத்திலிருந்தவர்களும் சீட்டுகளுக்குக் கீழே குனிந்தார்கள். "என்ன நானா, மோதிரமா?" என்று கேட்டார் கண்டக்டர். "மோதிரமெண்டா விட்டுட்டுப் போயிருவேன் தம்பி, இது முன்சில்லு!" ஒரு பெண்ணின் மரக்கறிப் பைக்குள் அது அகப்பட்டது. அதை அவர் சொல்லச் சொல்ல நாம் எத்தனை கூட்டங்களில் சிரித்திருக்கிறோம்.

படம் பார்க்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். பழைய பந்தயக் கார் ஒன்றைச் செய்ய நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மங்கிய ஒரே ஒரு புகைப்படம். அதில் நிழல் விழுந்திருக்கும் விதத்தை வைத்தே கதவின் வளைவு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். "படத்துல இல்லாதத செய்யப் படாது" என்பது அவர் வாக்கு. வட்டத்துக்கு இன்னொரு விதியையும் அவரே வைத்தார். போட்டி மேசையில் வைத்த காரைப் பற்றி என்ன கேட்டாலும் அதைக் கட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டும், அடுத்தவரைக் கைகாட்டக் கூடாது. உங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முந்திய போட்டிக்கு முப்பதுகளில் ஓடிய ஒற்றை இருக்கைப் பச்சைக் காரைச் செய்ய முடிவு செய்தேன். அதே காரைச் செய்துதான் அவர் அதற்கு இரண்டு வருடம் முன்னர் முதல் பரிசு வாங்கியிருந்தார். சில்லுக்கு எத்தனை ஸ்போக் கம்பி என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கடைக்குப் படத்தைக் கொண்டுபோனேன். தான் செய்த கார்தான் என்றாலும் ஒரு மணிநேரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். "நாப்பத்தெட்டு. கண்ண மூடிட்டுக் கட்டுங்க" என்றார். அப்படியே கட்டினேன். நாணயத்தளவு வளையத்தில் பல் துளைக்கும் ஊசியால் துளையிட்டு, மீன்பிடிக்கும் தங்கூசி நூலைக் கோத்து, நான்கு சில்லுகளையும் முடிக்க ஐந்து மாதம் ஆனது. அந்தமுறை முதலிடம் வெறும் கோப்பையல்ல. பழைய கார்களைச் சேர்த்து வைத்திருக்கும் கொழும்பு நிலையமொன்று, முதலிடம் பெறுபவரைத் தன் கார்களுக்கு மாதிரிகள் செய்ய வேலைக்கு எடுப்பதாக அறிவித்திருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பல் அடுக்குகிற எனக்கு, நாள் முழுக்கக் கார் செய்கிற வேலை! புசல்லாவையிலிருக்கும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியும் விட்டேன்.

நடுவர்கள் மூவர். முந்திய பரிசாளர் என்ற முறையில் நானாவும் ஒருவர். கொழும்பிலிருந்து வந்த இளம் நடுவர், அதே காரின் தெளிவான படமொன்றைக் கைப்பேசியில் வைத்திருந்தார். எண்ணிக் காட்டினார். சில்லுக்கு அறுபது கம்பி. "இந்த எண்ணிக்கைய யாரு தந்தது?" என்று கேட்டார். நான் நானாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். விதி என்னைத்தான் பதில் சொல்லச் சொன்னது. ஆனால் விதியை வைத்தவருக்கு வாய் இருந்ததே. நான் பழியை ஏற்றுக்கொண்டால் அவர் பொறுக்காமல் குறுக்கே பேசுவார் என்று நம்பினேன். "நான்தாங்க எண்ணினேன்" என்றேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். போட்டி முடிந்ததும் வழக்கம்போல, என் காரைப் பற்றி நடுவர்கள் எழுதிய தாள்கள் என் கைக்கு வந்தன. அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது: "எண்ணிக்கை பிழை. கவனக்குறைவு."

வேலை இன்னொருவருக்குப் போனது. அது போகட்டும். அந்த ஒற்றைச் சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கவனக்குறைவா? யாருடைய கவனக்குறைவு? அன்றிலிருந்து என் கார் மேசைக்கு வந்தாலே உங்களில் யாராவது ஒருவர், "அக்கா, கம்பியெல்லாம் சரியா எண்ணியாச்சா?" என்று கேட்டீர்கள். நானும் சிரித்து வைத்தேன். நானாவும் சிரித்தார்.

பஸ் நிலையத்தில் பலமுறை சந்தித்தோம். "தங்கச்சி, சொகமா ஈக்கீங்களா?" என்று கேட்பார். மழையைப் பற்றிப் பேசுவார், பெயிண்ட் கிடைக்காததைப் பற்றிப் பேசுவார். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட மாட்டாரா என்று நான்கு வருடம் காத்திருந்தேன். ஒரு தீபாவளிக்கு ஆள் மூலம் நல்ல துளையூசிகள் கொடுத்தனுப்பினார். வாயால் சொல்ல வேண்டியதை ஊசியால் சொல்வதா? திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, நாம் ராத்தா என்று கூப்பிடுகிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒங்கள பத்தித்தான் எந்த நாளும் பேசுவாரு. அந்தப் புள்ளட கைக்கு முன்னால என்ட கையெல்லாம் சும்மாண்டு சொல்லுவாரு." பிறகு உள்ளறைக்குக் கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தார். பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் அவருடைய பச்சைக் கார். இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அவர் எண்ணியது என்பதால் நான் ஒருநாளும் எண்ணியதில்லை. அன்று எண்ணினேன். நாற்பத்தெட்டு.

அப்போதுதான் விளங்கியது. அன்று எனக்காக அவர் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கோப்பையும் பிழையாகியிருக்கும். என்னைவிட அந்தக் கோப்பை அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. "இத நீங்க எடுத்துட்டுப் போங்க, தங்கச்சி" என்றார் ராத்தா. வேண்டாம் ராத்தா என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுதேன். கோபம் தீரவில்லை, ஆளும் இல்லை. இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

நண்பர்களே, நானாவிடமிருந்து வாங்கியதில் நிறையவற்றை வைத்துக்கொள்கிறேன். நிழலைப் பார்க்கும் கண், மூக்கை வெட்டத் துணியும் கை, வேலைக்கு நடுவே சிரிக்கும் சிரிப்பு, எல்லாம் அவர் தந்தவை. அவற்றைச் சாகும்வரை விடமாட்டேன். ஒன்றை மட்டும் இன்று இந்தக் கூட்டத்தில் இறக்கி வைக்கிறேன். அன்று நடுவர் மேசையில் நான் சொன்னது பொய். அந்தக் கம்பிகளை எண்ணியது நான் அல்ல.